என் ஜீப்புக்கு ஜாதி இருந்தது

என் செல்ல மகள் ஜீனத்துக்கு, அத்தா எழுதுவது. உனக்கும் மருமகனுக்கும் ஸலாம். நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. அந்த வேலையை உன் அம்மா போனிலேயே முடித்துவிடுகிறாள். நீ காலையில் என்ன சாப்பிட்டாய், மதியம் கண்ணயர்ந்தாயா, கால் வீங்கியிருக்கிறதா, வயிற்றில் இருப்பது எந்தப் பக்கம் உதைக்கிறது என்பது வரை எனக்குச் செய்தி வந்துவிடுகிறது. உன் பிள்ளை என்னை ‘நன்னா’ என்று கூப்பிடப் போவதை நினைத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே நான் தானாகச் சிரிக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள், “பாய்க்கு என்னமோ ஆகிப்போச்சு, வளைவுல பாத்துத் திருப்பச் சொல்லுங்கடி” என்கிறார்கள். பேரப்பிள்ளை பிறப்பதற்கு முன்பே இவ்வளவு கூத்து. பிறந்த பிறகு ஜீப்பை யார் ஓட்டுவது என்று உன் அம்மா கேட்கிறாள்.

போன வாரம் நீ போன் பண்ணினாய். மதுரையில் உங்கள் வீட்டுக்கார அம்மா சொன்னதைச் சொன்னாய். தெரு கூட்டுகிற அம்மா தண்ணீர் கேட்டால் வாசலோடு கொடுத்து அனுப்பிவிட வேண்டும், உள்ளே கூப்பிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார வைக்கக் கூடாது என்றாராம். நீ மறுநாளும் அந்த அம்மாவை உள்ளேதான் உட்கார வைத்தாய். அன்றிலிருந்து வீட்டுக்கார அம்மா உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இதைச் சொல்லும்போது உன் குரலில் அழுகை இல்லை. எனக்கு அதில் சந்தோஷம். அப்புறம்தான் கேட்டாய்: “அத்தா, நான் சமாளிச்சுக்குவேன். ஆனா என் பிள்ள இதையெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே வளரும்? மேல கீழ பாக்காத பிள்ளையா எப்படி வளக்குறது? என்னைய எப்படி வளத்தீக?” நான் உடனே, “செக்போஸ்ட் வந்துருச்சு ஆத்தா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டேன். செக்போஸ்ட் எதுவும் வரவில்லை. கம்பம் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பதில் தெரியாததால் சொன்ன பொய் அது. அன்றிலிருந்து யோசித்து, இன்று ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லாததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னை எப்படி வளர்த்தோம் என்று கேட்கிறாய். வளர்த்தது யாரை யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நீ சின்னவளாக இருக்கும்போது நான் உனக்கு அடிக்கடி ஒரு பெருமை சொல்வேன். “நமக்கு ஜாதி கிடையாதும்மா. பள்ளிவாசலுக்கு முதலில் வந்தவர் முதல் வரிசையில் நிற்பார். தோட்டம் துரவு வைத்திருக்கிறவர் பிந்தி வந்தால் செருப்புக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். தோளோடு தோள் இடிக்க நிற்போம்” என்பேன். நீ வாயைப் பிளந்து கேட்பாய். நானும் என்னமோ அந்த ஏற்பாட்டை நானே செய்தது போலச் சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான், பொய் சொல்லவில்லை. எனக்கு ஜாதி கிடையாது. ஆனால் என் ஜீப்புக்கு இருந்தது. அது எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரிந்தது.

நீ நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை நினைவிருக்கிறதா? உன் தம்பி அப்போது வயிற்றில் இருந்தான். உன் சேட்டையைத் தாங்க முடியாமல் உன் அம்மா உன்னை என் தலையில் கட்டிவிட்டாள். “மலைக்குக் கூட்டிட்டுப் போங்க, குளுருக்கு வாய மூடிக்கிட்டுக் கெடப்பா” என்றாள். மூடினாயா நீ? அப்போதெல்லாம் கருக்கலிலேயே வண்டியை எடுத்து, ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். நம் வீடு பள்ளிவாசல் தெருவில், ஊரின் கிழக்குக் கடைசி. அதை ஒட்டினாற்போல் வாய்க்கால் ஓரத்தில் காலனி. ஊர்ப் பொதுத் திடலான மந்தையும் பெரிய தெருவும் ஊரின் மேற்கே. அதையும் தாண்டினால் மலைக்குப் போகும் ரோடு. வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் முதலில் வருவது காலனிதான். அங்கே பஞ்சவர்ணமும் கூட வேலை பார்க்கும் பெண்களும் தூக்குவாளியோடு ரோட்டோரம் நிற்பார்கள். நான் காலி ஜீப்பை அவர்களைத் தாண்டி ஓட்டிக்கொண்டு மந்தைக்குப் போவேன். அங்கே வேலம்மாவும் பெரிய தெருப் பெண்களும் ஏறுவார்கள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே காலனிக்கு வந்து இவர்களை ஏற்றுவேன். மறுபடி திருப்பிக்கொண்டு மறுபடி மந்தை வழியாக மலைக்கு. எனக்கு முன்னால் அந்த ட்ரிப் ஓட்டியவர் எனக்குக் காட்டிக் கொடுத்த வழி அது. ஒரு நாள்கூட அதை நான் கோணல் என்று நினைத்ததில்லை.

இரண்டு மூன்று நாள் நீ முன்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாய். அப்புறம் ஒரு காலை, காலனியைத் தாண்டும்போது கேட்டாய்.

“அத்தா, அவுக அங்கன நிக்கிறாகள்ல? ஏன் ஏத்தாமப் போறோம்?”

“திரும்பி வந்து ஏத்துவோம்மா.”

“எதுக்குத் திரும்பி வரணும்? இங்கனதானே இருக்கோம்?”

“அது அப்படித்தான். வழக்கம்.”

நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். மந்தை விளக்குக் கம்பம் தெரியும்போது மறுபடி ஆரம்பித்தாய். “பள்ளிவாசல்ல முதல்ல வந்தவுக முதல் வரிசைல நிப்பாகன்னு சொன்னீகள்ல? இங்க முதல்ல நிக்கிறவுக கடைசியா ஏறுறாகளே?”

எனக்கு வந்ததே கோபம்! பதில் இல்லாத இடத்தில் பெரியவர்களுக்கு வரும் கோபம். “வாய மூடிக்கிட்டு உக்காரு. இல்லேன்னா நாளைக்கு வீட்டுல விட்டுட்டு வந்துருவேன்” என்று கத்தினேன். வேலம்மா ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டார். “பிள்ளைய ஏன் பாய் வையிறீக?” என்று உன் தலையைத் தடவி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். வேலம்மா அப்படிப்பட்ட மனுஷி. யார் வீட்டுப் பிள்ளையானாலும் மடியில் போட்டுக்கொள்வார். ஆனால் காலனிப் பிள்ளையை அவர் மடியில் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு முழுக்க எனக்கு வண்டி ஓட்டிய மாதிரியே இல்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். உள்பக்கம் இரண்டு பெஞ்சிலும் பெரிய தெருப் பெண்கள். நடுத்தரையில் குத்தவைத்தும், கதவோரத்தில் கம்பியைப் பிடித்தும், பின்படியில் தொற்றிக்கொண்டும் காலனிப் பெண்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் இருப்பவர்களை வண்டி தூக்கித் தூக்கிப் போடும். உள்ளே இருப்பவர்கள் லேசாக ஆடுவார்கள், அவ்வளவுதான். யாரும் யாரையும் இங்கே உட்காராதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் என் ரூட் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீசலையும் நானே ஊற்றிக்கொண்டிருந்தேன்! சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் உன்னைப் பற்றிக் கோள் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், “அவ கேட்டதுல என்ன தப்பு? நானே கேக்கணும்னு நெனச்சேன், வண்டி உங்க வண்டியாச்சேன்னு விட்டுட்டேன்” என்றாள். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலனி முன்னால் பிரேக்கை மிதித்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலி ஜீப் அங்கே நின்றதை அந்தப் பெண்கள் அதுவரை கண்டதே இல்லை. பஞ்சவர்ணம் ஓடிவந்து, “என்ன பாய், ரிப்பேரா? தள்ளணுமா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் தூக்குவாளிகளை ரோட்டோரம் வரிசையாக வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பின்னால் போய் வண்டியில் கை வைத்துவிட்டார்கள். “நியூட்டரப் போடுங்க பாய்” என்று ஒரு குரல். நீ முன்சீட்டில் எழுந்து நின்று கத்தினாய்: “தள்ள வேணாம், ஏறுங்க! ஏறத்தான் நிப்பாட்டினாக!” அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

ஏறினார்கள். ஏறி என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பெஞ்சும் காலியாகக் கிடக்க, வழக்கம் போல நடுத்தரையிலும் கதவோரத்திலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நீ கீழே இறங்கிப் பின்னால் போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாய். கடைசியில் பஞ்சவர்ணத்தை முன்னால் கூட்டிக்கொண்டு வந்தாய். “நீங்கதான் அத்தை முதல்ல நின்னீக. முன்னாடி உக்காருங்க” என்றாய். “ஆத்தாடி! அது வேலம்மா அக்கா எடம். எனக்கு எதுக்கு வம்பு?” என்று அவர் பின்வாங்க, நீ விடவில்லை. உன் பிடிவாதம் உனக்கே தெரியும். கடைசியில் பஞ்சவர்ணம் சீட்டின் நுனியில், முட்டை மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். நீ அவர் மடியில் ஏறிக்கொண்டாய். நான் கியரைப் போட்டேன். மந்தை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன்.

மந்தையில் வேலம்மா முன்சீட்டின் பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். நிறைந்திருந்த பெஞ்சுகளைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை.

“என்ன பாய் இது?”

“டீசல் வெல ஏறிப்போச்சுக்கா. ரெண்டு தடவ திருப்பினா கட்டுப்படியாகல.”

“டீசலுக்கு நாங்க போட்டுத் தாரோம். பழையபடி ஓட்டுங்க.”

பொய் அங்கேயே உடைந்தது. “இனிமே இப்படித்தான்க்கா. முதல்ல நிக்கிறவுக முதல்ல” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பஞ்சவர்ணம் இறங்கப் போனார், நீ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். வேலம்மா, “அப்ப எங்களுக்கு வேற வண்டி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தம் ஆட்களைத் திருப்பிக் கூட்டிப் போனார். பாதி வண்டியோடு மலை ஏறினேன். தோட்டத்துச் சூப்பர்வைசர், “எந்தா பாய், பாக்கி ஆள் எவிடெ?” என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு வாரம் பார்ப்பேன், ஆள் குறைந்தால் ட்ரிப்பை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்த ட்ரிப் போனால் நமக்கு வேறு வழி இல்லை. உன் அம்மாவின் பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது, நாளைக்குப் பேசாமல் பழையபடி மந்தைக்குப் போய்விடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். “நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான். நாளைக்கு அவுகள மறுபடி தாண்டிப் போனீகன்னா, அது முன்னாடி போனத விடக் கேவலம். அப்பத் தெரியாமப் போனீக. இப்பத் தெரிஞ்சு போவீக.” நீ தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளும் காலனியில் நிறுத்தினேன். பஞ்சவர்ணம் அந்த வாரத்துக்குள் ஆளைத் தேற்றிக் கொண்டுவந்துவிட்டார். தன் அண்ணிமார், வருசநாட்டிலிருந்து வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள், நம் தெருவிலிருந்து வீட்டுக்காரர் தவறிப்போன இரண்டு பேர், எல்லாரையும். அதுவரை நம் தெருப் பெண்களை மலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட எனக்குத் தோன்றியதில்லை, அவர்களும் கேட்டதில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவர்கள் ஏறியபோது பஞ்சவர்ணம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். “நல்லா உள்ள தள்ளி உக்காருங்கம்மா. வெளிய உக்காந்தா என்ன பாடுன்னு எங்களுக்குத்தான் தெரியும்” என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசருக்கு ஆள் கணக்கு வந்துவிட்டது, அவர் வாயை மூடிக்கொண்டார். உனக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. நீ வேலம்மா பெரியம்மாவைக் காணோமே என்று வருத்தத்தோடு போனாய். இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பி வந்துவிட்டார் என்று நான் சொன்னபோது, “மனசு மாறிட்டாகளா அத்தா?” என்று கேட்டாய். “ஆமா” என்றேன். நடந்ததை இன்றுதான் சொல்கிறேன்.

வேலம்மாவுக்கு மனசு மாறவில்லை, மசக்கைக்காரியைப் போல வாந்தி எடுத்துத்தான் மாறினார். அவர்கள் போய்ச் சேர்ந்தது பக்கத்து ஊர்க்காரரின் ஜீப்பில். அவர் தம் ஊர் ஆட்களை ஏற்றி முடித்த பிறகுதான் நம் ஊருக்கு வருவார். பெஞ்செல்லாம் அந்த ஊர்ப் பெண்கள். பெரிய தெருப் பெண்களுக்கு நடுத்தரையும் கதவோரமும். முன்சீட்டிலேயே போய்ப் பழகிய வேலம்மாவுக்குப் பின்படி! மெட்டு ஏறி முடிப்பதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல ஆகியிருக்கிறது. நகர்ந்து உட்காரச் சொன்னதற்கு, “கடைசியா ஏறுறவுக கடைசிலதான்” என்று உள்ளே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் கருக்கலில் நான் காலனிக்கு வந்தால், பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்தில் யாரோ போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். வெளிச்சம் விழுந்ததும் பார்த்தேன். வேலம்மா! பின்னால் அவர் ஆட்கள். மந்தையில் நின்றால் பெஞ்சு கிடைக்காது என்று, ஊரின் மேற்குக் கடைசியிலிருந்து கிழக்குக் கடைசிக்கு நடந்து வந்து, காலனி வாசலில் முதல் ஆளாக நின்றுகொண்டிருக்கிறார். முகம் உம்மென்று இருந்தது.

“இன்னிக்கு நாந்தான் முதல்ல நின்னேன். வேணுமின்னா இவளக் கேளுங்க” என்றார்.

பஞ்சவர்ணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஆமா பாய். அக்கா சேவல் கூவுறதுக்கு முன்னாடியே வந்து எங்க வீட்டுக் கதவத் தட்டி எழுப்பி விட்டுட்டாக” என்றார். வேலம்மா முன்சீட்டில் ஏறினார். ஏறியவர் கதவைச் சாத்தவில்லை. அப்புறம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டு, பஞ்சவர்ணத்தைப் பார்த்து, “ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். என்ன வேடிக்க பாக்குற? ஏறு” என்றார். ஏதோ தான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டது மாதிரி ஒரு அதட்டல். நான் கியரைப் போட்ட சத்தத்தில் என் சிரிப்பு கேட்காமல் போயிற்று.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உனக்கு உதவினால் எடுத்துக்கொள். அடுத்தவர் மனசு மாறட்டும் என்று காத்திருந்தால் நான் இன்றைக்கும் காலனியைத் தாண்டி ஓட்டிக்கொண்டுதான் இருப்பேன். வண்டி போகும் வழியை மாற்றினேன். மனசு முனகிக்கொண்டே பின்னால் நடந்து வந்தது. உங்கள் வீட்டுக்கார அம்மாவின் மனசை உன்னால் மாற்ற முடியாது, அதற்காக நீ மெனக்கெடவும் வேண்டாம். தெரு கூட்டுகிற அம்மா தினமும் உன் வீட்டு ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்காரட்டும். உன் பிள்ளை அவர் மடிக்குத் தவழ்ந்து போகட்டும். அதற்கு நீ வேறு பாடம் எதுவும் எடுக்க வேண்டாம். நானும் உனக்குப் பாடம் எடுத்துத்தான் பார்த்தேனே, பள்ளிவாசல் வரிசையைப் பற்றி! நீ அதை அப்படியே நம்பியதுதான் வினையாகப் போயிற்று. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று எல்லாரும் புலம்புகிறார்கள். கேட்டுவிட்டால் என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பலவகை மனிதர்களுக்கு நடுவே பிள்ளையை விட்டுவிடு. அது பயப்படாது, நாம்தான் பயப்படுவோம். உன்னை ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சொந்தக்காரர்கள் என்னென்ன சொன்னார்கள்! நீ அங்கே கிறிஸ்மஸுக்குக் குடில் கட்ட வைக்கோல் கேட்டு வந்தாய். நோன்பு நாளில் உன் சிநேகிதிகள் உனக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். ஜீப் வழி மாறிய மறு வருஷம் சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு வேலம்மா தீச்சட்டி எடுத்தபோது, ஜீப்பில் பெரிய தெருவும் காலனியும் பள்ளிவாசல் தெருவும் ஒன்றாக அடைந்து போனோமே, அது நினைவிருக்கிறதா? நீ ராட்டினத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதாய். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தது பஞ்சவர்ணம். பொரியும் கடலையும் தின்றுகொண்டு எல்லாரும் திரும்பி வந்த அந்தச் சாயங்காலம் மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இந்த வரியை உன் அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

உன் பிள்ளையும் ஒரு நாள் உன்னைக் கேட்கும். உனக்குப் பதில் தெரியாத இடத்தில்தான் கேட்கும். நடுரோட்டில், நாலு பேர் முன்னால், உனக்கு நேரமில்லாத நேரத்தில் கேட்கும். உனக்கும் கோபம் வரும். கத்திவிடுவாய், பரவாயில்லை, நானும் கத்தியவன்தான். அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை கேட்டதை ஒரு தடவை உனக்குள்ளேயே திருப்பிக் கேட்டுப் பார். அது போதும்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று ஒன்று நடந்தது. தோட்டத்திலிருந்து திரும்பி எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு பஞ்சவர்ணம் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நீ பிரசவத்துக்கு வருகிறாய் என்று வேலம்மா சொல்லியிருக்கிறார். “பாய், பிள்ள வருதாமுல்ல. அதுக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுருன்னு சொல்லும். நான் வச்சுக் கொண்டாந்தா சாப்பிடுமா? உங்க வீட்டுல ஏதும் நெனப்பாகளா?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கு வருகிறவர். உன் தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு காத்திருந்தவர். உன் நிக்காஹ் விருந்தில் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவர். அவர் இன்னும் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், வேலம்மா வீட்டில் எத்தனையோ தடவை பணியாரம் தின்றிருக்கிறேன். பஞ்சவர்ணம் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தினமும் வண்டியை நிறுத்துகிறேன், அங்கே ஒரு வாய் சோறு தின்றதில்லை. அவர் கூப்பிடாமல் இல்லை. ‘பசிக்கல’ என்றே சொல்லியிருக்கிறேன்.

“கொண்டார வேணாம். நாங்க அங்கன வாரோம்” என்றேன். “நெசமாவா? அப்ப மழதான் பாய் வரப்போகுது” என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். உன் அம்மாவிடம் சொன்னேன். “கொழம்புக்கு நல்லெண்ணெய் ஊத்தச் சொல்லுங்க, அவளுக்கு அதுதான் பிடிக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

ஆகையால் நீ கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக நம் வீட்டுக்கு வரப் போவதில்லை. பஞ்சவர்ணம் வீட்டில் நானும் உன் அம்மாவும் தம்பியும் தட்டோடு உட்கார்ந்து உனக்காகக் காத்திருப்போம். வயிறு முட்டச் சாப்பிடு, மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடு. வயிற்றில் இருப்பது அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வெளியே வரட்டும்.

உன் அத்தா